செயின்ட் ஜான்: விமான நிலையம் இல்லாத கரீபியன் தீவுக்கான போக்குவரத்து

செயின்ட் ஜான், கரீபியன் கடலின் வடகிழக்கு ஓரத்தில், போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளுள் ஒன்று. பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,881. பிரதேசத்தின் பெரிய தீவுகளான செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய், செயின்ட் ஜான் ஆகிய மூன்றில் விமான நிலையம் இல்லாதது இது ஒன்றுதான். தீவில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாக இருப்பதால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இங்கே வருகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நேராக விமானத்திலிருந்து இறங்கித் தீவில் கால் வைப்பதில்லை. பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸில் இறங்கி, அந்தத் தீவைச் சாலை வழியே குறுக்கே கடந்து, பிறகு படகேறுவதே வழக்கமான வழி.

இந்த வழியைச் சுற்றுலாக் கையேடுகள் பயணத்தின் ஒரு கட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. தீவில் வாழ்வோருக்கோ அது பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் போகும் சாலை. செயின்ட் ஜானின் கடற்போக்குவரத்தை அறிய வருகிறவர் இந்த இரண்டு பயன்பாடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமைவிடமும் நில அமைப்பும்

செயின்ட் ஜான் கிழக்கு மேற்காகச் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. எரிமலைப் பாறைகளால் ஆன இந்தத் தீவில் சமநிலம் மிகக் குறைவு. கடற்கரையை விட்டு எழும் மலைச்சரிவுகள் பல இடங்களில் இடைவெளியே இல்லாமல் முகடு வரை ஏறுகின்றன. உயரமான இடம் போர்டோ மலை, 389 மீட்டர். கரை முழுவதும் சிறு வளைகுடாக்கள் நிறைந்தது. மேற்கு முனையில் குரூஸ் பே, கிழக்கே கோரல் பே என இரண்டு ஊர்கள் உள்ளன. படகுகள் வந்து சேருமிடம் குரூஸ் பே. கோரல் பே துறைமுகம் அளவில் பெரியது, காற்றுக்கு மறைவானது. இருந்தும் செயின்ட் தாமஸை நோக்கிய பக்கத்தில் குரூஸ் பே இருந்ததால், தீவின் நடமாட்டமெல்லாம் அங்கேயே குவிந்தது.

மேற்கே செயின்ட் தாமஸுக்கும் செயின்ட் ஜானுக்கும் இடையில் இருப்பது பில்ஸ்பரி நீரிணை. சில கிலோமீட்டர் அகலமே கொண்ட அதில் சிறு தீவுத்திட்டுகளும் பாறைகளும் அங்கங்கே தலைநீட்டுகின்றன. வடகிழக்கே இன்னும் குறுகலான நீர்வழிக்கு அப்பால் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் டோர்டோலா. ஒரு நாட்டின் இரண்டு தீவுகளுக்கு நடுவில் ஒரு நீரிணை, இரண்டு நாடுகளுக்கு நடுவில் இன்னொரு நீரிணை. இந்த இரண்டுமே தீவின் வரலாற்றை வகுத்தவை.

விமான நிலையம் அமையாத காரணங்கள்

மலைப்பாங்கான நிலம் முதல் காரணம். ஆனால் அது மட்டுமே போதிய காரணம் ஆகாது. இதே கரீபியன் பகுதியில் உள்ள நெதர்லாந்தின் சாபா தீவு செயின்ட் ஜானைவிடச் சிறியது, அதைவிடச் செங்குத்தானது. அங்கே கடலோரப் பாறைத் திட்டு ஒன்றைச் சமப்படுத்தி, வெறும் 400 மீட்டர் நீள ஓடுதளம் அமைத்து, 1963இல் விமானப் போக்குவரத்தைத் தொடங்கினார்கள். உலகில் பயணிகள் விமானம் இறங்கும் மிகக் குறுகிய ஓடுதளங்களில் ஒன்று அது. சாபாவுக்கு அண்டைத் தீவு தொலைவு. கரையோ கப்பல் அணைய இடங்கொடாத பாறைச்சுவர். ஆகவே எவ்வளவு சிரமப்பட்டாவது விமானத்தை இறக்கியாக வேண்டிய தேவை அங்கே இருந்தது.

செயின்ட் ஜானுக்கு அந்தத் தேவை வராதது இரண்டாவது காரணம். இருபது நிமிடப் படகுத் தொலைவில் செயின்ட் தாமஸ். அங்கே பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் ஓடுதளம். காற்று அலைக்கழிக்காத இயற்கைத் துறைமுகங்களும் செயின்ட் ஜானில் உண்டு.

மூன்றாவது காரணம் பூங்கா. லாரன்ஸ் ராக்ஃபெல்லர் 1950களில் தீவின் நிலங்களை வாங்கி, 5,000 ஏக்கருக்கும் மேலாக அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார். அதைக் கொண்டு 1956இல் வர்ஜின் தீவுகள் தேசியப் பூங்கா உருவானது. இன்று தீவின் நிலத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு பூங்காவின் பொறுப்பில் இருக்கிறது. பின்னர் கரையோரக் கடற்பரப்பும் பாதுகாப்புக்குள் வந்தது. 2001இல் பவளப்பாறைத் தேசிய நினைவகம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. ஓடுதளம் அமைக்க மலையை வெட்டவும் கடலைத் தூர்க்கவும் வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

ஒத்த நிலையிலுள்ள பிற தீவுகள்

விமான நிலையம் இல்லாமல் மக்கள் வாழும் தீவுகள் கரீபியனில் வேறு சிலவும் உண்டு. செயின்ட் ஜானுக்கு வடக்கே கண்ணுக்குத் தெரியும் யோஸ்ட் வான் டைக், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தது. 2010 கணக்கெடுப்பில் அங்கே 298 பேர்தான். டோர்டோலாவிலிருந்தும் செயின்ட் ஜானிலிருந்தும் அங்கே படகில் போகலாம். செயின்ட் வின்சென்ட் கிரெனடைன்ஸ் நாட்டின் மேரோ, கிரெனடா நாட்டின் பெத்தி மார்த்தினீக் ஆகியவையும் படகை நம்பிய தீவுகளே. முன்னதற்கு அருகில் யூனியன் தீவும், பின்னதற்கு அருகில் கரியாக்கோவும் விமான வாசல்களாக இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை தென்படுகிறது. ஓடுதளமுள்ள அண்டைத் தீவு படகு எட்டும் தொலைவில் இருக்கும்போது சிறிய தீவு படகோடு நின்றுகொள்கிறது. அண்டைத் தீவின் நிலையமே அதற்கும் நிலையமாகிறது.

கடல்வழியின் வரலாறு

தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிக் குடியேறி, 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற அதே டென்மார்க்கின் ஆட்சியில்தான் இந்தத் தீவுகளும் இருந்தன. செயின்ட் தாமஸை 1672இல் கைக்கொண்ட டேனியர், 1718இல் செயின்ட் ஜானில் கோரல் பே கரையில் கொடியேற்றினார்கள். சரிவுகளை வெட்டிப் படிப்படியாக்கிக் கரும்பும் பருத்தியும் பயிரிட்டார்கள். அந்த உழைப்பு முழுவதும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுடையது.

1733 நவம்பர் 23ஆம் தேதி, விறகுக் கட்டுகளுக்குள் வெட்டுக்கத்திகளை மறைத்துக்கொண்டு கோரல் பே கோட்டைக்குள் நுழைந்த அடிமைகள் அதைக் கைப்பற்றினார்கள். கோட்டையில் இருந்த படைவீரர்களில் ஒருவர் தப்பி, படகில் செயின்ட் தாமஸ் சென்று செய்தி சொன்னார். தோட்ட முதலாளிகள் குடும்பத்தோடு படகுகளில் தப்பினார்கள். கிளர்ச்சியாளர்கள் மாதக்கணக்கில் தீவின் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்திருந்தார்கள். 1734இல் மார்த்தினீக்கிலிருந்து கடல்வழியே வந்த பிரெஞ்சுப் படையே அதை ஒடுக்கியது. செய்தி போனதும், முதலாளிகள் தப்பியதும், படை வந்ததும் நீரிணையைக் கடந்துதான்.

பிரிட்டன் தன் குடியேற்றங்களில் 1834இல் அடிமை முறையை ஒழித்தபோது, எதிர்க்கரையில் தெரிந்த டோர்டோலா விடுதலை நிலமானது. டேனிஷ் பக்கத்தில் விடுதலை வர 1848 ஜூலை 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் செயின்ட் ஜானின் வடகரையிலிருந்து பலர் உயிரைப் பணயம் வைத்து அந்தக் குறுகிய நீர்வழியைக் கடந்தார்கள். 1840 மே மாதத்தில் அன்னாபெர்க், லைன்ஸ்டர் பே தோட்டங்களிலிருந்து 11 பேர் ஒன்றாகத் தப்பிச் சென்றது பதிவாகியுள்ளது. அன்னாபெர்க் ஆலையின் இடிபாடுகள் இன்று பூங்காவின் பராமரிப்பில் உள்ளன. அங்கே நின்றால் டோர்டோலா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அந்தத் தூரத்தைக் கடக்க மனிதர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை அங்கே செல்வோர் அறிந்திருக்க வேண்டும்.

கரும்புத் தோட்டங்கள் நொடித்த பிறகு தீவின் மக்கள் சிறு விவசாயமும் மீன்பிடிப்பும் செய்து வாழ்ந்தார்கள். மூட்டம் போட்ட கரி, ஆடுமாடு, கூடைகள், பே ரம் என்னும் வாசனைத் திரவம் தயாரிக்க உதவிய பே இலையின் எண்ணெய் ஆகியவற்றைப் பாய்மரப் படகுகளில் ஏற்றிச் செயின்ட் தாமஸ் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். டோர்டோலாவில் கட்டப்பட்ட ஒற்றைப் பாய்மரப் படகுகள் இந்தக் கடற்பகுதியின் சரக்கு வண்டிகளாக இருந்தன. 1917 மார்ச் 31 அன்று 2.5 கோடி டாலர் விலைக்கு டென்மார்க் இந்தத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. கொடி மாறியது. நீரிணையைக் கடக்கும் வழி மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. இயந்திரப் படகுகள் பெருகிய பிறகே நேரம் பார்த்துப் புறப்படும் சேவை நிலைபெற்றது.

கடல் விமானங்கள்

செயின்ட் ஜானுக்கு வான்வழி அறவே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரலும் புகழ்பெற்ற விமானியுமான சார்லஸ் பிளேர், 1960களில் ஆன்டில்ஸ் ஏர் போட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல குரூமன் கூஸ் விமானங்கள் துறைமுக நீரிலேயே இறங்கி, சரிவுமேடை வழியே கரையேறும். தீவுகளின் துறைமுகங்களை இணைத்த இந்தச் சேவையில் குரூஸ் பேயும் ஒரு நிறுத்தமாக இருந்தது. 1978 செப்டம்பரில் அந்த விமானங்களில் ஒன்று கடலில் விழுந்ததில் அதை ஓட்டிய பிளேரே உயிரிழந்தார். அதன்பின் நிறுவனத்தின் தலைமையை ஏற்றவர் அவர் மனைவி, ஹாலிவுட் நடிகை மொரீன் ஓ’ஹாரா. சில ஆண்டுகளில் நிறுவனம் கைமாறி, பிறகு நின்றுபோனது. பின்னாளில் செயின்ட் தாமஸுக்கும் செயின்ட் குரோய்க்கும் இடையே கடல் விமானங்கள் மீண்டும் பறந்தன. குரூஸ் பேக்கு அப்படி நிலையான சேவை அமையவில்லை.

செயின்ட் தாமஸ் வரை

செயின்ட் ஜானுக்கான விமான வாசல், செயின்ட் தாமஸின் சிரில் ஈ. கிங் விமான நிலையம். பதவியில் இருக்கும்போதே 1978இல் மறைந்த ஆளுநர் சிரில் கிங்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதற்கு முன் அது ஹாரி ட்ரூமன் விமான நிலையம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர்ன் ஃபீல்ட் என்ற இராணுவத் தளம்.

இதன் ஓடுதளம் முன்பு சுமார் 1,420 மீட்டர் நீளம்தான். 1976 ஏப்ரல் 27 அன்று நியூயார்க்கிலிருந்து வந்த போயிங் 727 ஒன்று ஓடுதளத்துக்குள் நிற்க முடியாமல் எல்லையைத் தாண்டிச் சென்று மோதித் தீப்பற்றியது. 37 பேர் இறந்தார்கள். பிறகு கடலைத் தூர்த்து ஓடுதளத்தைச் சுமார் 2,130 மீட்டராக நீட்டினார்கள். செயின்ட் ஜானுக்கு வருவோர் இன்று பெரிய விமானங்களில் நேராகச் செயின்ட் தாமஸில் இறங்க முடிவது இந்த விரிவாக்கத்தால்தான். மயாமி, நியூயார்க் போன்ற பெருநகரங்களிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து சிறிய விமானத்தில் அரை மணி நேரம்.

தீவுகள் ஆண்டு முழுவதும் அட்லாண்டிக் நேரத்தையே கடைப்பிடிக்கின்றன. நியூயார்க்கில் கோடைக்குக் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும் மாதங்களில் இரண்டு இடங்களிலும் ஒரே நேரம். மற்ற மாதங்களில் தீவு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கடைசிப் படகைக் கணக்கிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு

விமான நிலையம் செயின்ட் தாமஸின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. செயின்ட் ஜானுக்கு அதிகப் படகுகள் புறப்படும் ரெட் ஹூக் துறை கிழக்கு முனையில் இருக்கிறது. இடையில் தலைநகர் சார்லட் அமாலியையும் மலைச்சாலைகளையும் கடக்க வேண்டும். நெரிசல் இல்லாதபோது அரை மணி நேரம் ஆகும். உல்லாசக் கப்பல்கள் துறையில் நிற்கும் நாளிலும் மாலை வேளையிலும் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

டாக்சிக் கட்டணத்தைப் பிரதேச அரசின் டாக்சி ஆணையம் நிர்ணயிக்கிறது. தனி வண்டி என்ற கணக்கு வழக்கத்தில் இல்லை. ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் வேன்கள். சில, சஃபாரி எனப்படும் திறந்த வண்டிகள்: டிரக்கின் பின்புறத்தில் வரிசையாகப் பலகை இருக்கைகள் போட்டு, மேலே கூரை மட்டும் வைத்திருப்பார்கள். இங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். அமெரிக்கக் கொடிக்குக் கீழ் இப்படி ஓடும் ஒரே பிரதேசம் இது. வண்டிகளோ அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து வந்தவை. ஓட்டுநர் இருக்கையும் இடப்பக்கமே. அதாவது ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார். புதிதாக ஓட்டுவோர் எதிர்வரும் வண்டியின் தூரத்தைக் கணிக்கத் தடுமாறுவது இதனால்தான்.

பயணிகள் படகு

ரெட் ஹூக்கிலிருந்து குரூஸ் பேக்குச் சுமார் 20 நிமிடம். வழக்கமான அட்டவணையில் விடியற்காலை தொடங்கி இரவு வெகுநேரம் வரை ஏறத்தாழ மணிக்கு ஒரு படகு. சார்லட் அமாலியிலிருந்தும் ஒரு நாளில் சில தடவை படகு உண்டு. அதற்குச் சுமார் 45 நிமிடம். விமான நிலையத்துக்கு அருகில் என்பதால் இந்த இரண்டாவது வழி சாலை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தடவைகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் ரெட் ஹூக் போவதே விரைவு. அட்டவணை அவ்வப்போது மாறுவதால் பயண நாளுக்கு முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வார்லக் வென்ச்சர்ஸ், டிரான்ஸ்போர்டேஷன் சர்வீசஸ் ஆகிய இரண்டு உள்ளூர் நிறுவனங்கள் அரசின் உரிமம் பெற்று நெடுங்காலமாக இந்தச் சேவையை நடத்திவந்துள்ளன. கட்டணம் அரசுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முதியோருக்கும் சிறுவர்களுக்கும் சலுகை உண்டு. முன்பதிவு தேவையில்லை, துறையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெரிய பெட்டிகளைப் படகுப் பணியாளர்கள் வாங்கிக் கீழ்த்தளத்தில் அடுக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் சிறு கட்டணம். கீழ்த்தளத்தில் மூடிய அறை, மேல்தளத்தில் திறந்த இருக்கைகள். மேல்தளத்தில் காற்று வீசும் பக்கம் உட்கார்ந்தால் தூறல் தெறிக்கும். மருந்து, பணம், பயண ஆவணங்கள், மின்னணுப் பொருள்கள் ஆகியவற்றை அடுக்கப்போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படகில் ஏறிப் பார்த்தால் பயணிகள் யார் என்பது தெரிந்துவிடும். காலைப் படகில் செயின்ட் ஜானை நோக்கி வருவோரில் கட்டடத் தொழிலாளர்கள், சமையல்காரர்கள், விடுதிப் பணியாளர்கள் அதிகம். செயின்ட் ஜானில் வீட்டு வாடகை கட்டுபடியாகாமல் செயின்ட் தாமஸில் குடியிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் இவர்கள். எதிர்ப்படகில் பள்ளிச் சீருடைகள்.

கார் பார்ஜ்

வண்டிகள் செல்வது பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகளில். இவை ரெட் ஹூக்கிலிருந்து புறப்பட்டு, குரூஸ் பே ஊருக்குத் தெற்கே எனிகெட் பாண்ட் துறையில் அணைகின்றன. உப்புக்குளமாக இருந்ததைக் கடலோடு திறந்துவிட்டு அமைத்த துறை அது. வண்டிப் போக்குவரத்து அங்கே மாறியதால் பயணிகள் துறையில் நெரிசல் குறைந்தது.

பார்ஜில் வண்டியை ஏற்றுவது பின்னோக்கித்தான். கரையில் திருப்பி நிறுத்தி, பணியாளரின் கைச்சைகையைப் பார்த்தபடி இரும்புச் சரிவில் பின்னுக்கு எடுத்து, பக்கத்து வண்டியிலிருந்து ஒரு கை இடைவெளியில் நிறுத்த வேண்டும். கான்கிரீட் லாரியும் தண்ணீர் டேங்கரும் வாடகை ஜீப்பும் அடுத்தடுத்து நிற்கும். பின்னோக்கி ஏற்றியிருப்பதால் எதிர்க்கரையில் நேராக முன்னோக்கி இறங்கிவிடலாம். வாடகை வண்டியைச் செயின்ட் தாமஸில் எடுத்துப் பார்ஜில் கொண்டுவருவோர், வாடகை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். குரூஸ் பேயிலேயே ஜீப் வாடகைக்குக் கிடைப்பதால், படகில் வந்து இறங்கி அங்கே எடுத்துக்கொள்வது பலருக்கும் எளிது. விடுமுறைப் பருவத்தில் அவை முன்னதாகவே தீர்ந்துவிடும்.

ஆவணங்களும் சுங்கமும்

செயின்ட் ஜான் அமெரிக்க ஆட்சிப்பரப்பு. வெளிநாட்டவருக்கு அமெரிக்க நிலப்பகுதிக்குரிய நுழைவு விதிகளே இங்கும் பொருந்தும். இந்தியர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். அதே சமயம் இந்தத் தீவுகள் அமெரிக்கச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ளன. எனவே நிலப்பகுதிக்குத் திரும்பும்போது செயின்ட் தாமஸ் விமான நிலையத்திலேயே சுங்க, குடிவரவுச் சோதனை நடக்கும். மாலை விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படும் நேரத்தில் இந்த வரிசை நீளும். படகு, சாலை, சோதனை மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், விமானப் புறப்பாட்டுக்கு ஐந்து மணி நேரம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்புவது மிகையாகாது.

டோர்டோலாவுக்கும் யோஸ்ட் வான் டைக்குக்கும் குரூஸ் பேயிலிருந்து படகுகள் உண்டு. அது வேறு நாட்டு எல்லை. அமெரிக்கக் குடிமக்களும் கடவுச்சீட்டு எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பும்போது குரூஸ் பேயின் சிற்றோடைத் துறையில் உள்ள சுங்க அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்தப் பாய்மரக் கலத்தில் வருவோருக்கும் இதுவே நுழைவிடம். பூங்காவின் நீர்ப்பரப்பில் நங்கூரம் பாய்ச்சினால் கடற்புல்லும் பவளமும் நாசமாகும் என்பதால், வளைகுடாக்களில் கலங்களைக் கட்ட மிதவைகள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

தீவுக்குள் போக்குவரத்து

குரூஸ் பே துறையில் இறங்கியதும் எதிரே டாக்சிகள் நிற்கும். விடுதியோ வாடகை வீடோ எடுத்தவர்களை அதன் பொறுப்பாளர்கள் துறைக்கே வந்து அழைத்துச் செல்வது வழக்கம். முக்கியச் சாலைகள் இரண்டு. ஒன்று வடகரை ஓரமாகக் கனீல் பே, ட்ரங்க் பே, சினமன் பே, மாஹோ பே கடற்கரைகளை இணைக்கிறது. மற்றொன்று மலைமுதுகின் மேலே ஏறிக் கோரல் பேக்குச் செல்கிறது. இரண்டும் கொண்டையூசி வளைவுகள் நிறைந்தவை. பிரதேச அரசின் விட்ரான் பேருந்து குரூஸ் பேக்கும் கோரல் பேக்கும் இடையே ஓடுகிறது. குறைந்த செலவில் தீவைக் குறுக்கே கடக்க அதுவே வழி. கடற்கரை ஒன்றுக்கு மட்டும் போய்வர நினைப்போருக்கு வாடகை ஜீப் தேவையில்லை, டாக்சி போதும். குரூஸ் பேயில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

காற்றும் பருவமும்

இந்தக் கடலில் ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. டிசம்பர், ஜனவரியில் அது வலுக்கும். கிறிஸ்மஸ் காற்று என்றே அதற்குப் பெயர். அப்போது பில்ஸ்பரி நீரிணையில் படகு ஆடும். ஆனால் பயணம் குறுகியது, சுற்றிலும் தீவுகள் இருப்பதால் பேரலை எழுவதில்லை, சேவை நிற்பதும் அபூர்வம். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்கள் அனுப்பும் நீளலைகள் வடகரைக் கடற்கரைகளில் மோதும். அந்நாட்களில் அங்கே நீந்துவது ஆபத்து. சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். சூறாவளி எச்சரிக்கை வந்தால் துறைமுகங்கள் மூடப்படும், படகுகள் பாதுகாப்பான இடம் தேடிப் போய்விடும். அந்தக் கணத்திலிருந்து தீவைவிட்டு வெளியேற வழியில்லை. பருவக்காலத்தில் வருவோர் எச்சரிக்கை வெளியானவுடனேயே முடிவெடுத்துவிட வேண்டும்.

தீவு மக்களும் படகும்

செயின்ட் ஜானில் அரசு உயர்நிலைப் பள்ளி இல்லை. குரூஸ் பேயின் ஜூலியஸ் ஸ்ப்ராவ் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி மாணவர்கள் தினமும் படகேறி, ரெட் ஹூக்குக்கு அருகிலுள்ள ஐவனா யூடோரா கீன் பள்ளிக்குச் செல்கிறார்கள். பள்ளி முடிந்து பயிற்சிக்கோ கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கோ தங்குவதா, படகைப் பிடிப்பதா என்பது அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் எடுக்கும் முடிவு.

தீவின் மருத்துவ நிலையம் மைரா கீட்டிங் ஸ்மித்தின் பெயரைத் தாங்கியது. நல்ல சாலைகள் இல்லாத காலத்தில் தீவு முழுவதும் சென்று பிரசவம் பார்த்த செவிலி அவர். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரை ஆம்புலன்ஸ் படகில் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கோரல் பேயில் மாரடைப்பு வந்த ஒருவருக்கு மலைச்சாலை, படகு, மீண்டும் சாலை என மூன்று கட்டம். தீவில் குடியேற நினைக்கும் முதியோரும், இதய நோயுள்ள பயணிகளும் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதைத்தான்.

செயின்ட் ஜானுக்கெனத் தனி ஊராட்சி அமைப்பு இல்லை. ஆளுநர் நியமிக்கும் நிர்வாகி ஒருவர் இருக்கிறார். சட்டமன்றத்தில், செயின்ட் ஜானில் குடியிருக்கும் ஒருவர் முழுப் பிரதேசத்தின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பெரிய அரசு வேலை எதுவானாலும் சார்லட் அமாலிக்குத்தான் போக வேண்டும்.

பொருள்களும் இப்படியே. கொள்கலன்கள் செயின்ட் தாமஸில் இறங்கி, லாரிகளில் ஏறி, பார்ஜில் வருகின்றன. அரிசியும் சிமென்டும் எரிபொருளும் இரண்டு முறை கப்பலேறியவை. அந்தச் செலவு கடை விலையில் தெரியும். மின்சாரம் கடலடிக் கம்பிகள் வழியே செயின்ட் தாமஸிலிருந்து வருகிறது. தீவில் சேரும் குப்பைகூடப் பார்ஜில் ஏறிச் செயின்ட் தாமஸின் குப்பைக்கிடங்குக்குப் போகிறது. தீவு தானே தேடிக்கொள்வது முக்கியமாகத் தண்ணீர்தான்: கூரையில் விழும் மழையை வீட்டுக்கு அடியிலுள்ள தொட்டியில் சேமிக்கிறார்கள்.

2017 சூறாவளி

2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் நிலைச் சூறாவளி இர்மா, மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு இந்தத் தீவுகளைத் தாக்கியது. குரூஸ் பே, கோரல் பே துறைமுகங்களில் படகுகள் கவிழ்ந்தும் கரையேறியும் கிடந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. மருத்துவ நிலையம் சேதமடைந்தது. செயின்ட் தாமஸின் விமான நிலையமும் மருத்துவமனையும் சேதமடைந்ததால், செயின்ட் ஜான் சார்ந்திருந்த தீவே உதவி கேட்கும் நிலையில் இருந்தது.

அப்போது தீவைக் காத்தது கடல்வழியே. போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் செயின்ட் குரோயிலிருந்தும் தனியார் படகுக்காரர்கள் குடிநீர், உணவு, மருந்து, ஜெனரேட்டர் ஆகியவற்றை ஏற்றி வந்தார்கள். திரும்பும்போது நோயாளிகளையும் குழந்தைகளையும் அழைத்துச் சென்றார்கள். இரண்டே வாரத்தில் மரியா சூறாவளி செயின்ட் குரோயையும் போர்ட்டோ ரிக்கோவையும் தாக்க, உதவி வந்த திசைகளும் அடைபட்டன. தீவு மீண்டெழ நெடுநாள் ஆனது. கனீல் பேயில் ராக்ஃபெல்லர் தொடங்கிய புகழ்பெற்ற விடுதி பின்னர் திறக்கப்படவே இல்லை.

மதிப்பீடு

ஓடுதளம் இல்லாததால் செயின்ட் ஜான் காப்பாற்றிக்கொண்டவை பல. மலைச்சரிவுகளில் காடு மிஞ்சியிருக்கிறது. வடகரை வளைகுடாக்களில் விமான இரைச்சல் இல்லை. பெரிய உல்லாசக் கப்பல்களும் செயின்ட் தாமஸோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் பயணிகள் பகலில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். இந்த நன்மைகளை வருகிறவர்கள் இருபது நிமிடப் படகுப் பயணத்தை மட்டும் விலையாகக் கொடுத்து அனுபவிக்கிறார்கள். தீவு மக்களோ பள்ளி நேரத்தில், பிரசவ வேதனையில், அரிசி விலையில் என்று வாழ்நாள் முழுவதும் அதற்கு விலை கொடுக்கிறார்கள். படகுக் கட்டணத்தை உயர்த்துவது, இரவுப் படகைக் குறைப்பது, ஆம்புலன்ஸ் படகைப் பழுதுபார்க்காமல் விடுவது போன்ற முடிவுகள் சுற்றுலாத் துறைக் கணக்குகள் ஆகிவிடக் கூடாது. சாலை, பள்ளி, மருத்துவமனை குறித்த முடிவுகளுக்குரிய பொறுப்போடு அவற்றை எடுக்க வேண்டும். நெரிசலான மாலைப் படகில் பயணிக்கும் விருந்தினர், பணி முடிந்து வீடு திரும்பும் உள்ளூர்க்காரருக்கு இருக்கையும் வழியும் விட்டால், அந்தத் தீவை இத்தனை காலம் காத்துவந்தவர்களுக்குச் செய்யும் முறையான மரியாதையாகும்.